மூணு சுழி, ரெண்டு சுழி

எறங்காதீங்க தம்பி, ஒக்காருங்க. கண்டக்டரு சொல்றதுதான் சரி. மரம் மட்டும் விழுந்திருந்தா தாண்டிப் போயிடலாம். கூடவே கரண்டு கம்பியும்ல கெடக்கு, ரோட்டுல கெண்டக்காலு தண்ணி. அதுல கால வெச்சா என்னாவும்னு ஒங்களுக்குத் தெரியாததா? லைன ஆஃப் பண்ணிட்டு, மரத்த அறுத்து இழுத்துப் போட்டு, ஒரு மணி நேரமாவது ஆவும். நீங்க சன்னல் பக்கம், நான் வெளிப்பக்கம். என்னையத் தாண்டித்தான் போவணும். நான் விடமாட்டேன். சும்மா சொன்னேன், பயந்துடாதீங்க.

மன்னார்குடிதானே? நானும் அங்கதான். இந்தப் பையில கால் படாமப் பாத்துக்குங்க, என் சம்சாரத்துக்குக் கொண்டு போறேன். அவ மக வீட்டுல இருக்கா. ஏழு வருசமா அங்கதான் இருக்கா. எங்கூட ஒரு வார்த்தை பேசல. ஏழு வருசம் தம்பி! எதுக்குன்னு நெனைக்கிறீங்க? ஒரு கன்னுக்குட்டிக்கு. வெளிய சொன்னா சிரிப்பாங்க.

எனக்குப் பேரு உத்திராபதி. ஊரு பனையடிக்காடு, வேதாரண்யத்துலேருந்து உள்ள போவணும். உப்பளத்துல காவல் வேலை பாத்தவன். ஆனா ஊருல அப்படிச் சொல்ல மாட்டாங்க. ‘புயலுக்காரரு’ன்னுதான் சொல்லுவாங்க. ஏன்னா எங்க ஊருல புயல் பாதுகாப்பு மையம்னு ஒரு மாடிக் கட்டடம் இருக்கு, தூணு மேல நிக்கும், கீழ தண்ணி போவ வழி விட்டுக் கட்டியிருக்கும். அதோட சாவி என் இடுப்புலதான். இந்தாங்க, பாருங்க. இப்ப அந்தக் கதவுக்கு வேற பூட்டு போட்டுட்டாங்க, வேற ஆளு வெச்சிட்டாங்க. இருந்தாலும் நான் அவுக்கல.

சும்மா கூப்புட்டு சாவியக் குடுத்துடல தம்பி. நாகப்பட்டணத்துல மூணு நாள் பயிற்சி. நாப்பது பேரு போனோம், முப்பத்தொம்பது பேரு மத்தியானச் சாப்பாடு ஆனதும் தூங்கிட்டான். நான் நோட்டுல எழுதிக்கிட்டேன். புயல் எப்புடி வருதுன்னு கேளுங்க, இப்பவும் சொல்லுவேன். கடலு சூடாவணும், அதான் ஆரம்பம். வெயிலு முழுக்கக் குடிச்ச தண்ணி ஐப்பசியில ஒலை மாதிரி இருக்கும். ஆவி மேல கெளம்பும். மேல போவப் போவ கீழ எடம் காலியாவும். காலி எடத்த விட்டு வைக்குமா காத்து? நாலா பக்கத்துலேருந்தும் ஓடியாரும். வர்ற காத்து நேரா வந்தா பரவால்ல. பூமி சுத்துதுல்ல, அதனால வளைஞ்சி வளைஞ்சி வரும், சுழல ஆரம்பிச்சிடும். மொதல்ல தாழ்வுப் பகுதி, அப்பறம் தாழ்வு மண்டலம், அப்பறம் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், அப்பறந்தான் புயல். ஒண்ணு ஒண்ணா ஏறும். ஒரே நாள்ல வந்துடாது. பொம்பளைங்க கோவமும் அப்படித்தான்னு பாடம் எடுத்த சாரு சொன்னாரு, எல்லாம் சிரிச்சோம். நானும் சிரிச்சேன்.

இப்ப ரேடியோவுல சொன்னாங்கல்ல, துறைமுகத்துல மூணாம் நம்பர் கூண்டு ஏத்தியாச்சுன்னு? எங்க ஊருல செங்கமலம்னு ஒரு பொம்பளை, பக்கத்து வீடு. கூண்டு ஏத்துறாங்கன்னா அதுல யாரப் போட்டு ஏத்துவாங்கன்னு கேட்டா. எலி புடிக்கவா ஏத்துறாங்க? கொடி மரத்துல ஏத்துற அடையாளம் அது, கப்பக்காரன் தூரத்துலேருந்து பாத்துப் புரிஞ்சிக்கிறதுக்கு. அதையும் நாந்தான் வெளக்குனேன். அந்த ஊருல எல்லாத்தையும் நாந்தான் வெளக்கணும்.

அந்தப் பயிற்சியில ரொம்ப முக்கியமாச் சொன்னது கண்ணு. புயலோட நட்டநடுவுல ஒரு ஓட்டை இருக்கும், அதுக்குக் கண்ணுன்னு பேரு. அது நம்ம தலைக்கு மேல வர்றப்ப காத்து பட்டுனு நின்னு போவும். மழையும் நிக்கும். வெயிலு கூட அடிக்கும். போயிடுச்சுடா சாமின்னு சனம் வெளிய வந்துடும், கூரை இருக்கா, மாடு இருக்கான்னு பாக்க. அங்கதான் சாவு. அரை மணி நேரத்துல கண்ணு நகந்துடும், எதிர்ப்பக்கத்துலேருந்து அடிக்கும் பாருங்க. மொதல்ல வடக்கேருந்து அடிச்சது இப்ப தெக்கேருந்து வரும். மொத அடியில சாயாம நின்னதெல்லாம் ரெண்டாவது அடியில விழும். அதனால கண்ணு மேல இருக்கறப்ப கதவத் தொறக்கவே கூடாது. இத நோட்டுல ரெண்டு தடவ கோடு போட்டு வெச்சிருந்தேன்.

ஏழு வருசத்துக்கு முன்னாடி அந்தப் புயலு வர்றதுக்கு மூணு நாள் இருக்கறப்பவே மைக்கத் தூக்கிட்டேன். தெரு தெருவா. ரேஷன் கார்டு, பத்திரம், மாத்திரை எல்லாத்தையும் பிளாஸ்டிக் பையில கட்டு. குடி தண்ணி புடிச்சி வை. அவல், பொரிகடலை, பிஸ்கோத்து எடுத்துக்க. வீட்டு மேல சாயுற கெளைய வெட்டு. ஓட்டு வீடு, கூரை வீடெல்லாம் பொழுது விடியறதுக்குள்ள மையத்துக்கு வந்துடு. ஆடு மாட்ட அவுத்து விட்டுடு, கட்டிப் போடாத. கட்டுன மாடு கட்டுன எடத்துலயே சாவும், அவுத்து விட்ட மாடு மேடு பாத்துப் போயிடும். தொண்டை கட்டுற வரைக்கும் கத்துனேன். பனையடிக்காட்டுல அன்னைக்கு ஒரு மாடு கட்டுத்தறியில இல்ல.

என் வீட்டுக் கன்னத் தவிர.

அது ஒரு சின்ன மறதி தம்பி. தாய்ப்பசுவ வேதா அவுத்து விட்டுட்டா. வேதநாயகி, அதான் எஞ்சம்சாரம். கன்னு பால முழுக்கக் குடிச்சிப்புடுதுன்னு நான் மொத நாளே அதக் கொண்டு போயி கொல்லையில, வைக்கப்போருக்கு அந்தாண்ட கட்டியிருந்தேன். அவ கிட்ட சொல்லல. அது தானா ஓடிப் போயி மேட்டுல நிக்கிதுன்னு அவ நெனச்சிக்கிட்டா. எனக்கு ஊரு வேலை தலைக்கு மேல. இருநூத்துச் சொச்சம் பேர மாடிக்கு ஏத்தணும். ஒரு கன்ன யாரு ஞாபகம் வெச்சிக்கிறது?

காலையில பத்து மணிக்கு ஆரம்பிச்சிது. வடக்கேருந்து. எங்க மையத்துக்குக் கதவு தெக்கு பாத்தது, அதனால கதவுப் பக்கம் அவ்வளவா தெரியல. வடக்குச் சன்னல்தான் உறுமிக்கிட்டே இருந்துச்சு. உள்ள இருநூறு பேரு, ஒரே ஒரு கக்கூசு, கொழந்தைங்க அழுவுது, ஒருத்தன் வாந்தி எடுக்குறான். கால நீட்ட எடமில்ல. வெளிய போவ முடியாது, உள்ளயும் இருக்க முடியாது. எனக்கும் மூச்சு முட்டிச்சு, இல்லேன்னு சொல்லல. ஆனா புயல் வேலைக்குன்னு குடுத்த ஆரஞ்சு சட்டை போட்டுக்கிட்டு நிக்கிறவன் அதக் காட்டக் கூடாது. விசிலு ஊதி ஊதி ஒக்கார வெச்சேன். நடுநடுவுல சொல்லிக்கிட்டே இருந்தேன், கண்ணு வரும், கண்ணு வரும், காத்து நின்னுச்சின்னா யாரும் எந்திரிக்கக் கூடாதுன்னு.

மத்தியானம் ரெண்டரை மணி இருக்கும். நின்னுச்சு.

அப்புடி ஒரு அமைதிய நான் அதுக்கு முன்னாடியும் கேட்டதில்ல, பின்னாடியும் கேட்டதில்ல. எலையிலேருந்து தண்ணி சொட்டுற சத்தம் மாடிக்குக் கேக்குது. அந்த மூலையில ஒரு கைக்கொழந்தை பால் முழுங்குற சத்தம் இந்த மூலைக்குக் கேக்குது. சன்னல் வழியா வெயிலு உள்ள வந்து தரையில விழுந்துச்சு. எவனோ கதவத் தொறந்து வெச்சான், காத்து வரட்டும்னு. அப்ப கீழ படிக்கட்டுகிட்ட ஒரு மாடு கத்துச்சு. எங்க பசுதான். மேட்டுலேருந்து எறங்கி வந்து படிக்குக் கீழ நின்னுக்கிட்டுக் கத்துது. தனியா.

நான் மைக்கப் புடிச்சிக்கிட்டுச் சொல்லிக்கிட்டிருக்கேன். ‘இதான் கண்ணு, நான் சொன்னேன்ல, கண்ணு நம்ம தலைக்கு மேல நிக்குது, யாரும் அசையக் கூடாது’ன்னு. வேதா கூட்டத்த வெலக்கிக்கிட்டு எங்கிட்ட வந்தா. மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு. வந்து என்ன சொன்னான்னா, “என்னங்க, கன்னு வெளிய நிக்குதுங்க.”

நீங்களே சொல்லுங்க தம்பி. அவ சொன்னது ரெண்டு சுழி கன்னு. என் காதுல விழுந்தது மூணு சுழி கண்ணு. எழுதிக் காட்டுனா வித்தியாசம் தெரியும். வாயால சொல்றப்ப எவன் சுழிய எண்ணுறான்? காலையிலேருந்து கண்ணு கண்ணுன்னு கத்திக்கிட்டிருக்கேன், அவளும் அதத்தான் சொல்றான்னு நெனச்சேன். “கண்ணு வெளியதாண்டி நிக்கும், வீட்டுக்குள்ளயா வரும்?”னு மைக்குலயே கேட்டேன். சனமெல்லாம் சிரிச்சிது. காலையிலேருந்து அழுதுக்கிட்டிருந்த சனம், அப்பதான் சிரிச்சிது. எனக்குக் கொஞ்சம் பெருமையாக் கூட இருந்துச்சு.

அவ சிரிக்கல. “இப்ப என்னங்க பண்றது?”ன்னா.

“பண்றத சீக்கிரம் பண்ணணும், அரை மணி கூட இல்ல”ன்னேன். நான் சொன்னது கதவச் சாத்துறத. அவ புரிஞ்சிக்கிட்டது வேற. போயிட்டு வான்னு புருசன் சொல்லிட்டான்னு எறங்கிப் போயிட்டா. நான் கூட்டத்த ஒக்கார வெச்சிட்டுத் திரும்பிப் போயி கதவச் சாத்தி, தாப்பாப் போட்டு, பூட்டி, சாவிய இடுப்புல சொருகுனேன். சட்டப்படி செஞ்சேன். அவ உள்ள எங்கயோ பொம்பளைங்க கூட்டத்துல இருக்கான்னு நெனப்பு.

அப்பறம் தெக்கேருந்து வந்துச்சு. தென்றல் தென்றல்னு பாடுறானுவ, அன்னைக்கு வந்த தெக்கத்திக் காத்த ஒருத்தன் பாடிப் பாக்கட்டும். இரும்புக் கதவு குலுங்குது. வாய்க்காத் தண்ணி ஊருக்குள்ள வந்துடுச்சு. மூணு மணி நேரம். அந்த மூணு மணி நேரத்துல எங்க சனத்துல ஒருத்தருக்குக் கூட ஒண்ணும் ஆவல தம்பி. தாலுக்காவுல எனக்குப் பொன்னாடை போத்துனாங்க. பக்கத்து ஊருல கண்ணு நின்னப்ப வெளிய வந்த நாலு பேரு செத்தான். எங்க ஊருல ஒருத்தன் சாவல.

காத்து அடங்குனதும் கதவத் தொறந்து மொத ஆளா எறங்குனேன். கீழ தூணுல வேதா இருந்தா. கன்னு கட்டியிருந்த கயிறால தன்னைத் தூணோட சேத்துக் கட்டிக்கிட்டு நிக்கிறா. இடுப்பளவு தண்ணி வந்து எறங்குன தடம் சேலையில தெரியுது. இடது கை மணிக்கட்டு ஒடஞ்சி தொங்குது. கை ரெண்டுலயும் தோலு இல்ல. கன்னக் காணும். ஒரே கயிறுதானே இருந்துச்சு. அவ கட்டிக்கிட்டா, கன்னு தண்ணியோட போயிடுச்சு.

என்னையப் பாத்தா. அன்னைக்கு வாய மூடுனவதான்.

நானும் சரி, கன்ன நெனச்சி வருத்தப்படுறா, நாளாவட்டத்துல சரியாப் போவும்னு இருந்தேன். கை கூடுனதும் மக வந்து மன்னார்குடிக்கு அழைச்சிக்கிட்டுப் போயிட்டா. நான் ஒரு கன்னு வாங்கிட்டுப் போனேன் தம்பி, செவலை, அதே மாதிரி நெத்தியில வெள்ளை. டாட்டா ஏசு வண்டி புடிச்சி ஏத்திக்கிட்டு, மக வீட்டு வாசல்ல கொண்டு போயி நிறுத்துனேன். அவ வெளிய வந்து பாத்தா. கன்னுக்குத் தண்ணி வெச்சா. எனக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுக்கல. திருப்பி ஏத்திக்கிட்டு வந்தேன். மறுவருசம் இன்னொண்ணு. அதுக்கும் தண்ணி வெச்சா. கன்னு இல்லாத குறைய நான் தீக்குறேங்குறேன், அவ இன்னும் என்னதான் எதிர்பாக்குறா?

மக ஒரு நாள் கேட்டா. வனிதான்னு பேரு, டீச்சரு வேலை, கேள்வி கேக்குறது அவ தொழிலு. “அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். காத்து திரும்புறதுக்கு முன்னாடியே அம்மா கன்னத் தூக்கிக்கிட்டு மேல வந்துட்டாங்க. கதவத் தட்டிருக்காங்க. ஒங்களுக்குக் கேட்டுச்சா, கேக்கலையா?”

அந்தக் காத்துச் சத்தத்துல என்னம்மா கேக்கும்னேன்.

“இதுக்கு வேற பதில் இருந்தா மட்டும் வாங்க”ன்னுட்டா. பெத்த அப்பன் கிட்ட பேசுற பேச்சா இது?

என்ன தம்பி அப்படிப் பாக்குறீங்க?

சரி. கண்ணு மேல இருக்கறப்ப காத்து இருக்காதுதான். நாந்தான் சொன்னேன். ஒரு வார்த்தை அப்படி இப்படி வந்துடுச்சு, அதுக்குன்னு? நீங்களும் மகள மாதிரியே புடிச்சிக்கிறீங்க.

கேட்டுச்சு. ஏதோ தட்டுற மாதிரி கேட்டுச்சு. காத்துதான்னு எல்லார் கிட்டயும் சொன்னேன். செங்கமலம் இருக்கால்ல, அந்த அதிகப்பிரசங்கி, எந்திரிச்சி நின்னுக்கிட்டு, “அண்ணே, காத்துதான் நின்னு போச்சே”ன்னா. ஒக்காருடின்னு விசிலு ஊதுனேன். தம்பி, அந்த எடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்க? கதவத் தொறந்தேன்னு வெச்சிக்குங்க, இருநூறு பேரும் வெளிய பாயத் தயாரா இருக்கான். அவனவனுக்கு வீடு, அவனவனுக்கு மாடு. ஒருத்தருக்காகத் தொறந்துட்டு ஊர அனுப்பிடச் சொல்றீங்களா? அப்பதான் மைக்குல சொல்லியிருக்கேன், யாரு வந்தாலும் தொறக்க மாட்டேன்னு. சொன்ன வாய் மூடுறதுக்குள்ள நானே தொறந்தா எவன் என்னை மதிப்பான்? கதவுல முதுகச் சாச்சிக்கிட்டு நின்னுட்டேன். அந்தப் பக்கம் தட்டுறது இந்தப் பக்கம் முதுகுல தெரிஞ்சிது. தெரிஞ்சிக்கிட்டே இருந்துச்சு. அப்பறம் நின்னுச்சு. அதுக்கப்பறந்தான் காத்து வந்துச்சு.

சட்டத்துல தப்பில்ல. யார வேணா கேட்டுப் பாருங்க.

இன்னைக்கும் பாருங்க, திரும்ப மூணாம் நம்பர் ஏத்திட்டாங்க. மன்னார்குடிக்கு அவ்வளவு காத்து வராது, இருந்தாலும் மனசு கேக்கல. இந்தப் பையில எல்லாம் போட்டிருக்கேன். மெழுகுவத்தி, தீப்பெட்டி, டார்ச்சு, அவலு, அவளோட பிரஷரு மாத்திரை. நைலான் கயிறு பத்து முழம். எதுக்கும் இருக்கட்டும்னு.

அந்தா, லைன ஆஃப் பண்ணிட்டாங்க போலருக்கு, ஆளு எறங்கிட்டான். அறுக்குறான் பாருங்க. கெளம்பிடும், கெளம்பிடும்.

தம்பி, ஒரு ஒதவி. பஸ் ஸ்டாண்டுலேருந்து நாலு தெருதான். மக இந்நேரம் பள்ளிக்கூடத்துல இருப்பா, வேதா மட்டும்தான் வீட்டுல இருப்பா. அஞ்சு நிமிசம் எங்கூட வர்றீங்களா? எனக்கு அவ பேசக் கூட வேணாம். கதவத் தொறந்தாப் போதும். போன தீபாவளிக்குப் போனேன், பொங்கலுக்குப் போனேன், ஆடியில போனேன். மூணு தடவையும் தட்டித் தட்டிப் பாத்தேன். உள்ளதான் இருக்கா. வளையல் சத்தம் கேக்குது. கதவுக்கு நேரா அந்தப் பக்கமே வந்து நிக்கிறா, கீழ சந்துல நெழலு தெரியுது. தொறக்க மாட்டேங்குறா. வேற யாருன்னோ நெனச்சிட்டாளோன்னா, அப்புடி நெனைக்க வழியே இல்ல தம்பி. மூணு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு, எனக்குப் பழக்கம். முப்பத்தாறு வருசம் கூட இருந்தவ. புருசன் தட்டுறது பொண்டாட்டிக்குத் தெரியாதா? பொண்டாட்டி தட்டுறது புருசனுக்குத்...

பஸ்ஸ எடுத்துட்டான். ஒக்காருங்க, ஒக்காருங்க, விழுந்துடாதீங்க.

நீங்க தட்டுங்க தம்பி. ஒங்க தட்டு அவளுக்குத் தெரியாதுல்ல, தொறந்துடுவா. நான் படிக்குக் கீழ நின்னுக்கிறேன்.